கிடைத்த இடம்

அருங்காட்சியகத்தில் ஒரு சிலைக்கு முன்னால் நின்றால் எல்லோரும் முதலில் முகத்தைப் பார்ப்போம். பிறகு அட்டையில் இருக்கும் பெயர், அதன்பின் நூற்றாண்டு. எனக்குக் கல்வெட்டு படிக்கவும் மைப்படி எடுக்கவும் சொல்லிக்கொடுத்த ஐயா இந்த வரிசையையே மாற்றிவிட்டார். "பேரு எங்கயும் ஓடிப்போயிடாதும்மா. எந்த ஊர்லேருந்து வந்துதுன்னு முதல்ல பாரு" என்பார். அட்டையின் கடைசியில், மற்றதைவிடச் சின்ன எழுத்தில், ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். கிடைத்த இடம். கல் அங்கே என்னவாக இருந்தது, யார் அதற்கு விளக்கேற்றினார்கள், பக்கத்தில் இன்னும் என்னென்ன கிடக்கிறது என்று கேட்டுப் போக அந்த ஒரு வரிதான் வழி. என் மகள் இப்போது எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அந்த வரியைத்தான் தேடி நோட்டில் எழுதுகிறாள். அந்த நோட்டை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுத்த லீவுக்கு எங்கே போவது என்று முடிவாகிறது.

திண்டிவனத்தில் எனக்கு ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று நாளெல்லாம் எழுத்தோடு பிழைப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான ஐயா தன் குறிப்புகளைத் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். எல்லாம் கல்வெட்டு வாசகங்கள். தட்டச்சு செய்யச் செய்ய எனக்கு ஆசை பிறந்தது. இதைக் கல்லிலேயே படிக்க முடியுமா என்று கேட்டேன். "நீ எழுத்து கோக்கறவ. உனக்கு வராம யாருக்கு வரும்?" என்றார்.

நான் குடியிருக்கும் ஊரைப் பற்றியே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கும் கிடங்கல்தான் சங்க இலக்கியத்தில் வரும் கிடங்கில். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடி. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்பது அறிஞர்கள் கருத்து. கிடங்கில் என்று ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்ட புலவர்கள் மூன்று பேர்: காவிதிக் கீரங்கண்ணனார், காவிதிப் பெருங்கொற்றனார், குலபதி நக்கண்ணனார். கிடங்கலிலிருந்து தினமும் என் கடைக்கு வருகிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். மறுநாள் அந்த மூன்று பெயரையும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள்.

எழுத்துப் பாடம் கடையிலேயே தொடங்கியது. சோழர் காலத் தமிழ் நம் கண்ணுக்கு ரொம்ப அந்நியம் இல்லை. ஆனால் பெரும்பாலும் புள்ளி கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே எழுத்துக் கூட்டிப் படித்தால் எங்கும் போக முடியாது. முழு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும், காதில் விழும்போதுதான் சொல் பிரியும். ஐயா என்னை அப்படித்தான் படிக்க வைத்தார். வாடிக்கையாளர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

குழந்தைகளுக்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். முதலில் எண். யாண்டு என்ற சொல்லைக் கண்டுபிடித்தால் அதையடுத்து அரசனின் ஆட்சியாண்டு வரும். ௨௰௧ என்று இருந்தால் இரண்டு, பத்து, ஒன்று, இருபத்தொன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது பிடிபட்டுவிடும். மொத்தக் கல்லில் அந்த ஒரு எண்ணைப் படித்துவிட்டாலும் அந்தக் கல் அவர்களுடையதாகிவிடுகிறது. எனக்கு மெய்க்கீர்த்தி, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி. முதல் இரண்டு சொல்லைக் கொண்டே இது ராஜராஜனா, ராஜேந்திரனா என்று சொல்லிவிடலாம் என்பதைக் கற்றபோது எனக்கு உண்டான சந்தோஷம் சாதாரணமானதல்ல.

கல்லில் படிக்கப் பழக அருங்காட்சியகத்தைவிட நல்ல இடம் இல்லை என்பது ஐயாவின் கட்சி, இப்போது என் கட்சியும் அதுதான். ஊரில் கல் குப்புறக் கிடக்கும், முள்ளுக்குள் கிடக்கும், பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். அருங்காட்சியகத்தில் அது நம் கண் மட்டத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் எழுத்து மங்கிவிடும். சாய்த்தால் வெட்டுக்குள் நிழல் விழுந்து வரி வரியாக எழும்பி வரும். ஊரில் அதே வேலையைக் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் செய்யும். நடுப்பகலில் கல்வெட்டுப் பார்க்கப் போகிறவருக்குக் கல் ஒன்றும் சொல்லாது.

1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் எங்களுக்கு வசதி. திண்டிவனத்தில் ரயிலேறினால் எழும்பூரிலேயே இறங்கலாம். மாமனாரையும் அழைத்துப் போனோம். அவர் விவசாயி, இதிலெல்லாம் பெரிய ஆர்வம் காட்டாதவர். கற்சிற்பங்களுக்கு நடுவே ஓரிடத்தில் அவர் நின்றுவிட்டார். பருத்த வயிறோடு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண் தெய்வம். ஒரு பக்கம் மாட்டுத் தலையோடு ஓர் ஆண், மறுபக்கம் ஒரு பெண், மேலே காக்கை. "ஏம்மா, இது நம்ம ஊரு ஏரிக்கரை அம்மா இல்ல?" என்றார்.

ஐயாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். தவ்வை என்றார். மூத்ததேவி, ஜேஷ்டை என்றெல்லாம் சொல்லப்படுபவள். கூட இருப்பவர்கள் மகன் மாந்தனும் மகள் மாந்தியும். காக்கைக் கொடி, துடைப்பம் இரண்டும் அவளுக்குரிய அடையாளம். பல்லவர் காலத்தில் செழிப்புக்காக வணங்கப்பட்டவள், பின்னால் மூதேவி என்று ஒதுக்கப்பட்டாள். விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் இன்னும் நிறையத் தவ்வைகள் இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு மாமனாரின் ஊருக்குப் போனோம். ஏரிக்கரை அம்மனுக்கு மஞ்சள் பூசிப் பாவாடை கட்டியிருந்தார்கள். பூசை செய்யும் அம்மாவிடம் கேட்டு, அவரே துணியை விலக்கிக் காட்ட, மகள் காக்கைக் கொடியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். வலது மேல் மூலையில், எண்ணெய்ப் பிசுக்குக்குள் ஒரு பறவையின் அலகு மட்டும் தெரிந்தது. கிளம்பும் முன்பே ஐயா எனக்கு ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார்: "அவங்க கும்பிடற பேரு தப்புன்னு சொல்லப்போகாதே. ஆயிரம் வருஷத்துக்கும் மேல அந்தக் கல்லு அங்க நிக்கறதே அவங்க கும்பிடறதாலதான்." நான் சொல்லவில்லை. மாமனார்தான் எழும்பூரில் இவளுடைய அக்காளைப் பார்த்துவிட்டு வந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினாலும் முதலில் சட்டை மாட்டுகிறவர் அவர்தான்.

மைப்படிக்கு வருகிறேன். கல்லில் இருக்கும் எழுத்தை அப்படியே காகிதத்தில் இறக்குவது மைப்படி. கல்வெட்டுத் துறையினர் நூறு ஆண்டுக்கு மேலாகச் செய்துவரும் முறைதான், இன்றும் போட்டோவால் அதை முழுதாக ஈடுகட்ட முடியவில்லை. என்னுடைய முதல் பயிற்சி அம்மிக்கல்லில். ஆமாம், வீட்டு அம்மி. புதிதாகக் கொத்திய அம்மியில் உளி விழுந்த புள்ளி ஒவ்வொன்றும் காகிதத்தில் விழும்வரை ஐயா என்னை வேறு கல்லைத் தொடவிடவில்லை.

கல்லைத் தண்ணீர் ஊற்றி நார்ப் பிரஷால் தேய்த்து, வெட்டுக்குள் இருக்கும் மண்ணை எடுக்க வேண்டும். இரும்புக் கம்பி, ஆணி எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது. பிறகு காகிதத்தை நனைத்துக் கல்லின்மேல் விரிப்பது. இதற்கென்று தடித்த, பசை ஏறாத காகிதம் உண்டு. சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் இரண்டே அடியில் கூழாகிவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, காற்றுக் குமிழை வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும். அடுத்து, விறைப்பான மயிர் வைத்த பிரஷால் செங்குத்தாகத் தட்டுவது. ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் காகிதம் இறங்க வேண்டும். இறங்கியதா என்று கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது நல்லது என்று எனக்குப் போகப் போகத் தெரிந்தது. காகிதம் கல்லோடு ஒட்டிய இடத்தில் சத்தம் கெட்டியாக இருக்கும், ஒட்டாத இடத்தில் பொதபொதவென்று கேட்கும். கூரான விளிம்பில் கிழிந்தால் அதே காகிதத்தின் ஒரு துண்டை நனைத்து மேலே வைத்துத் தட்டினால் போதும், ஒன்றாகிவிடும்.

காகிதத்தில் ஈரம் பாதி போனதும் மை. பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டிய ஒரு பந்தில் மையைத் தொட்டு, முதலில் ஒரு தட்டில் ஒற்றி, மிச்சத்தைக் கழித்துவிட்டுத்தான் காகிதத்துக்குப் போக வேண்டும். "தேய்க்காதம்மா, ஒத்து. குழந்தைக்குப் பொட்டு வைக்கற மாதிரி" என்பார் ஐயா. கல்லின் மேற்பரப்பெல்லாம் கறுக்க, பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாத கொம்பும் சுழியும் அப்போது தெரியும். வெயில் ஏறிவிட்டால் மை ஒற்றும் முன்பே காகிதம் காய்ந்து கல்லைவிட்டுக் கிளம்பிவிடும் என்பதால் எல்லாம் காலை எட்டு மணிக்குள் முடிய வேண்டும். காற்றடித்தால் காகிதத்தின் நான்கு முனைக்கும் நான்கு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் சரியாக ஆள் இருக்கிறது.

இதில் ஐயா கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத ஓர் ஒழுங்கு உண்டு. காகிதத்தைக் கல்லில் வைக்கும் முன்பே அதன் மூலையில் பென்சிலால் எழுதிவிட வேண்டும்: ஊர், கல் இருக்கும் இடம், எந்தத் திசை பார்த்த சுவர், எத்தனை வரி, என்ன தேதி. ஊர்ப்பெயர் இல்லாத மைப்படி வெறும் கறுப்புக் காகிதம் என்பார். அருங்காட்சியகத்து அட்டையில் எங்களைத் தேடவைத்த அதே வரியை இங்கே நாங்களே எழுதுகிறோம்.

எங்கே வேண்டுமானாலும் போய்க் காகிதம் ஒட்டிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் துறையின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. நான் பழகியதெல்லாம் ஊரார் ஒப்புதலோடு, பிற்கால உபயக் கற்களில்தான். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியைத் தேய்ப்பது, மாவைப் பூசுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் கல்லைக் கெடுக்கிற வேலை. அதைவிடக் கொடுமை, திருப்பணி என்ற பெயரில் சுவரெல்லாம் எனாமல் பெயிண்ட் அடிப்பதும் மணலை வீசிச் சுத்தம் செய்வதும். ஒரே நாளில் எழுத்து மழுங்கிப்போகும். அங்கே யாராவது எடுத்துவைத்த மைப்படி மட்டும்தான் மிச்சம். மைசூரில் சேர்ந்திருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட செய்தியை ஐயா கத்தரித்து என் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.

தொடாமல் பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். அதற்கு மண்டகப்பட்டுக்குப் போனோம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் அதிக தூரம் இல்லை. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து எடுத்த கோவில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இதை எடுப்பித்தான் என்று அங்கே கிரந்த எழுத்தில் வடமொழியில் வெட்டியிருக்கிறது. விசித்திரசித்தன் மகேந்திரனின் பட்டப்பெயர். இரு ஓரத்திலும் கதையை ஊன்றிய வாயில் காவலர். உள்ளே பின்சுவரில் மூன்று மாடங்கள், மூன்றும் வெறுமை. மகன் "சாமி எங்க தாத்தா?" என்று கேட்டான். மாமனார் பதில் சொல்லாமல் தூணைக் கையால் காட்டி, "இதைப் பாரு கண்ணு, மேலயும் கீழயும் சதுரம், நடுவுல எட்டுப் பட்டை. ஒரே கல்லு. ஒரு இடத்துல உளி தப்பினா மாத்த முடியாது" என்றார். மாட்டு வண்டிக்கு அச்சு செதுக்கத் தெரிந்தவர் அவர். பக்கத்திலேயே தளவானூரில் அதே அரசன் எடுத்த சத்ருமல்லேசுவரம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகளுக்கு இரண்டு கோவில் தூண்களையும் ஒப்பிட என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே பட்டியல் தயாராகிவிட்டது.

செஞ்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையை வளைத்த கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. எல்லோரும் ராஜகிரி ஏறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கீழே தொல்லியல் துறை வைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகத்தில் அரை மணி நேரம் செலவிட்டுவிட்டு ஏறினால் கோட்டையே வேறு மாதிரி தெரியும். நேரம் இருந்தால் திருநாதர்குன்றுக்கும் போகலாம். ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இரண்டு சமணத் துறவிகளின் நினைவு எழுத்துகளும் அங்கே உண்டு. சந்திரநந்தி ஆசிரியர் இருந்தது 57 நாள், இளையபட்டாரகர் 30 நாள். சந்திரநந்தியினுடையது தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்து பிரிந்துகொண்டிருந்த காலத்து எழுத்து. ஓரெழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை. இனிமேல்தான் கற்க வேண்டும்.

செஞ்சியைப் புதுச்சேரியிலும் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் ரோமானியச் சாடித் துண்டுகளையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைக் காட்டி மகள், "இதுல ஊர்ப்பேரே போடலையே?" என்றாள். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சி வெங்கடரமணர் கோவிலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த தூண்கள் அவை. கடற்கரையில் தினமும் எத்தனையோ பேர் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மகள் தன் நோட்டில் தூண் ஒன்றை வரைந்து அடியில் செஞ்சி என்று எழுதிக்கொண்டாள். அந்தத் தூணுக்கு அதைவிட நல்ல அட்டை இப்போதைக்கு இல்லை.

எங்கிருந்து வந்தது என்ற இந்தக் கேள்வி திருவக்கரையில் இன்னும் பெரிதாகிவிட்டது. அங்கே தேசியக் கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781-லேயே இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். குனிந்து பார்த்தால் மரத்தின் நரம்பு அப்படியே இருக்கிறது, கணு இருக்கிறது. தட்டினால்தான் கல். வேரோ கிளையோ இல்லை. வேறெங்கோ வளர்ந்தவை பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தன என்று சொல்வது அதனால்தான். கிடைத்த இடம் திருவக்கரை, பிறந்த இடம் வேறு. "அப்ப நோட்டுல ரெண்டு கட்டம் போடணும்மா" என்றாள் மகள். போட்டுவிட்டாள்.

ஊரில் கிடைக்கும் பொருள் எப்படி அருங்காட்சியகம் போகிறது என்று மாமனாருக்குச் சந்தேகம். எசாலத்தைச் சொன்னார் ஐயா. 1987-ல் அங்கே சிவன் கோவில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து ராஜேந்திர சோழனின் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. இப்படிப் புதையலாகக் கிடைப்பதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது. எசாலத்துக்குப் பக்கத்து ஊரான எண்ணாயிரத்தில், ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நெல் அளந்து நடத்திய கல்லூரியைப் பற்றிக் கோவில் சுவரே சொல்கிறது. "ஏர் ஓட்டறப்ப ஏதாச்சும் தட்டுப்பட்டா வி.ஏ.ஓ. கிட்ட சொல்லணும், அவ்வளவுதானே?" என்றார் மாமனார். ஊரில் இதைச் சொல்ல அவரைவிட நம்பகமான ஆள் கிடையாது.

நான் அதிகம் நினைத்துக்கொள்கிற ஊர் தாதாபுரம். திண்டிவனத்திலிருந்து வந்தவாசிச் சாலைப் பக்கம். ராஜராஜனின் அக்காள் குந்தவை அங்கே மூன்று கோவில் எடுத்தாள். சிவனுக்கு ரவிகுல மாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், சமணருக்குக் குந்தவை ஜினாலயம். முதலிரண்டும் நிற்கின்றன. ஜினாலயம் இல்லை. அவள் கொடுத்த பொன்னையும் வெள்ளியையும் முத்தையும் கணக்கிட்ட கல்வெட்டில் அந்தப் பெயர் இருப்பதால்தான் அப்படி ஒன்று இருந்தது என்றே நமக்குத் தெரியும். ஒரு பெண் தன் பணத்தில் மூன்று சமயத்துக்கும் கோவில் கட்டினாள் என்ற செய்தி சில வரி எழுத்தில் உயிரோடு இருக்கிறது.

முதல் தடவை போனபோது எனக்கு அந்தச் சுவரைப் படிக்கத் தெரியாது. இப்போது அரையாண்டு லீவுக்கு மறுபடி போகிறோம். அச்சில் வந்திருக்கும் கல்வெட்டு வாசகத்தைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி எண் போட்டு நானே கடையில் அடித்து வைத்திருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் எந்த வரி எங்கே ஓடுகிறது என்று மகளும் மகனும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மாமனார் டார்ச் பிடிப்பார். ஐயாவுக்கு முட்டி வலி, இருந்தாலும் வருகிறேன் என்றிருக்கிறார். உட்கார ஒரு மடக்கு நாற்காலியும் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர ஒரு வண்டியும் சொல்லிவைத்தாயிற்று.